அன்னபேதித் தடம்

ஷாதிபூர் மேட்டில் இருக்கும் ஈஸ்வரனின் விருந்தகத்தில் பெரிய மனிதர், சின்ன மனிதர் என்ற பேதமெல்லாம் வாசல் வரைக்கும்தான். புல்தரையில் கால் வைத்துவிட்டால் எல்லாரும் தோட்டக்காரி விஜயகுமாரியின் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர்கள். செருப்பைக் கழற்றிப் படியோரம் விட்டுவிட்டுத்தான் நடக்க வேண்டும். மெயின்லேண்டிலிருந்து வந்த ஓர் அதிகாரி ஒருமுறை பூட்ஸோடு இறங்கி, போன் பேசிக்கொண்டே உலாத்தினார். விஜயகுமாரி பூவாளியைக் கீழே வைத்துவிட்டு அவர் எதிரே போய் நின்றாள். அவர் காலையே பார்த்துக்கொண்டு நின்றாள். மனிதர் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு குனிந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்த்தார்.

கிறுக்குப் பிடித்தவள் என்று வாட்ச்மேன்கள் சொல்லிக்கொள்வார்கள். ஆனால் அவள் பக்கம் நியாயம் இருந்தது. அந்தமானில் வருஷத்தில் பாதிக்கு மேல் மழை. ஈர மண்ணில் குதிகால் அழுந்தினால் குழி விழும். குழியில் தண்ணீர் நிற்கும். தண்ணீர் நின்ற இடத்தில் பாசி பிடிக்கும். பாசி ஓர் இடத்தில் கால் ஊன்றிவிட்டால் பக்கத்திலிருக்கும் கொரியன் புல்லை மூச்சு முட்ட அமுக்கிவிட்டுத்தான் மறுவேலை பார்க்கும். விஜயகுமாரிக்கு ஜென்மப் பகை என்று ஒன்று இருந்தால் அது பாசிதான். அதற்கு அடுத்த இடத்தில் டாலிகஞ்சில் அவளுக்கு அறை வாடகைக்கு விட்டிருந்த வீட்டுக்காரன் இருந்தான்.

கமுதிப் பக்கத்துக் கரிசல்காட்டுக்காரி அவள். பாசி என்பதைக் கண்மாய்ப் படித்துறையில் தவிர வேறெங்கும் கண்டதில்லை. கல்யாணமான கையோடு கப்பலேறி, வழி நெடுக வாந்தியெடுத்து, போர்ட் பிளேர் துறைமுகத்தில் இறங்கியபோது இந்த ஊரின் பச்சையைப் பார்த்து அவளுக்குத் தலை சுற்றியது. புருஷன் ரோடு போடும் வேலையில் கூலி மஸ்தூர். நல்ல மனுஷன், குடிக்கமாட்டான், அதிர்ந்து பேசமாட்டான். அவனை மஞ்சள் காமாலை கொண்டுபோனது. பிள்ளை குட்டி இல்லை. ஊருக்கு வந்துவிடு என்று அண்ணன் போனில் சொன்னபோது, வந்து யார் வீட்டு அடுப்படியில் நிற்பது என்று கேட்டாள். அதற்குப் பிறகு அவரும் கூப்பிடவில்லை, அவளும் போகவில்லை.

ஈஸ்வரனின் விருந்தகத்தில் முதலில் பாத்திரம் கழுவத்தான் சேர்ந்தாள். அப்போது அங்கே தோட்டம் பார்க்கும் மாலியாக இருந்த பெங்காலிக்காரர் பெரார்கஞ்சில் நிலம் வாங்கி நெல் போடப் போய்விட்டார். புதிய ஆள் வரும்வரை தண்ணீர் மட்டும் ஊற்று என்று பூவாளியை அவள் கையில் கொடுத்தார்கள். வாங்கியவள் திருப்பிக் கொடுக்கவே இல்லை. காண்டிராக்ட் எடுத்துக் கட்டடம் கட்டிக் காசு பார்த்த ஈஸ்வரனுக்கும், பாத்திரக்காரி சம்பளத்தில் மாலி கிடைத்தால் கசக்கவா செய்யும்?

பாசியோடு அவள் நடத்திய சண்டை சாமானியமானது இல்லை. சுரண்டிப் பார்த்தாள், மறு மழைக்கே வந்தது. சுண்ணாம்பு தூவினாள், புல் வெளுத்துப் பாசி தழைத்தது. உப்பு போட்டதில் இரண்டும் செத்து மண் மட்டும் மிஞ்சியது. கடைசியில் உரக்கடை அப்துல் கனி பாய்தான் ஒரு சின்னப் பொட்டலத்தைக் கையில் கொடுத்தார். உள்ளே வெளிர்பச்சை நிறத்தில் கற்கண்டு உடைத்த மாதிரி உப்பு. அதற்கு இரும்பு சல்பேட் என்று பெயர், கப்பலில் மெட்ராஸிலிருந்து வருகிறது என்று பாய் ஆரம்பித்தார். விஜயகுமாரி ஒரு கல்லை விரலில் உருட்டிப் பார்த்துவிட்டு, அட இது அன்னபேதியில்லையா என்றாள். அவள் ஊரில் நிலக்கடலை மஞ்சளித்தால் கரைத்துத் தெளிப்பதுதான். கடல் தாண்டி வந்த இடத்தில் தெரிந்த முகத்தைப் பார்த்தது போல இருந்தது அவளுக்கு.

தெரிந்த முகம் என்று நம்பி முதல் தடவை அள்ளிப் போட்டாள். மறுநாள் காலையில் ஒரு மூலை முழுக்கக் கரியாகக் கிடந்தது. பாசியும் கருப்பு, புல்லும் கருப்பு. உட்கார்ந்து அழுதாள். அழுதுகொண்டே ஒரு வாரம் தண்ணீர் விட்டாள். செத்த பாசியை ரேக் போட்டு வாரி எடுத்தபோது, அடியிலிருந்து புல் கிளம்பியது. முன்னைவிடக் கரும்பச்சையாகக் கிளம்பியது. அதற்கப்புறம் வாளித் தண்ணீருக்கு ஒரு பிடி, அதற்கு மேல் ஒரு கல் கூடக் கிடையாது என்று வைத்துக்கொண்டாள். பாசி மட்டும் கருத்து உதிரும். புல் ஐந்தாறு நாளில் பச்சை ஏறி நிற்கும். மேட்டுக்குக் கீழே பஸ்ஸில் போகிறவர்கள் தலையைத் திருப்பிப் பார்ப்பார்கள்.

அன்னபேதிக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. கரைத்த தண்ணீர் பார்க்கச் சாதாரணத் தண்ணீர் மாதிரியே இருக்கும். கல்லிலோ துணியிலோ பட்டால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. ஒரு நாள் இரண்டு நாள் கழித்துத் துரு நிறத்தில் மேலெழுந்து வரும். வந்தால் போகாது. இரண்டு நல்ல புடவையைப் பறிகொடுத்துத்தான் இதை அவள் தெரிந்துகொண்டாள். அதனால் தெளித்து முடித்தால் குழாயடியில் காலைத் தேய்த்துக் கழுவிவிட்டு, வராந்தாப் பக்கமே போகாமல் கட்டடத்தைச் சுற்றிக்கொண்டுதான் ஸ்டோர் ரூமுக்குப் போவாள். ஏன் சுற்றிப் போகிறாள் என்று யாரும் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. என்னதான் கழுவினாலும் அவள் உள்ளங்காலிலும் நகக்கண்ணிலும் பழுப்பு ஏறி நிரந்தரமாகத் தங்கிவிட்டது.

"அக்கா, பாதத்துக்கு மருதாணி வச்சு அம்மன் மாதிரி நிக்கிறீங்க, சூடம் ஏத்தவா?" என்று மீனாதான் கேலி செய்வாள்.

மீனா அறைகளைப் பெருக்கித் துடைப்பவள். விஜயகுமாரியைவிடப் பத்து வயது சின்னவள். அவளை அங்கே கொண்டுவந்து சேர்த்ததே விஜயகுமாரிதான். மீனாவின் புருஷன் மெயின்லேண்டுக்கு வேலைக்குப் போகிறேன் என்று கப்பலேறிப் போனவன், போனவன்தான். கைக்குழந்தையோடு பஸ் ஸ்டாண்டில் நின்று அழுதுகொண்டிருந்தவளை, இவள் யார் எவர் என்று கேட்காமல் வீட்டுக்குக் கூட்டி வந்தாள். அந்தக் குழந்தை ரூபா வளர்ந்து, எலக்ட்ரீஷியன் ஒருவனைக் கட்டிக்கொண்டு சென்னைக்கும் போய்விட்டது. இத்தனை வருஷமும் மத்தியானச் சாப்பாடு இருவருக்கும் ஒரே டிபன் பாக்ஸில்தான். மீன் மண்டை மீனாவுக்கு, வால் விஜயகுமாரிக்கு. இதில் ஒரு நாளும் தகராறு வந்ததில்லை.

ஒரு மழைக்காலத்தில் கோணிக்கு அடியிலிருந்து பெரிய பூரான் ஒன்று மீனாவின் இடது கால் சுண்டுவிரலைப் பிடித்துவிட்டது. அந்தமான் பூரானைப் பற்றிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மீனா போட்ட சத்தத்தில் விருந்தாளிகள் வெளியே ஓடிவந்தார்கள். விஜயகுமாரி அவளை முதுகில் தூக்கிக்கொண்டு மேட்டை இறங்கி ஆட்டோ பிடித்தாள். உயிருக்கு ஒன்றுமில்லை. ஆனால் புண் ஆறி வந்தபோது அந்தச் சுண்டுவிரல் மேல்நோக்கி வளைந்துவிட்டது, தரையில் படுவதில்லை. மாதக்கணக்கில் அந்தக் காலுக்கு விளக்கெண்ணெய் போட்டு நீவிவிட்டவள் விஜயகுமாரி. தன் காலைவிட அந்தக் காலை அவளுக்கு நன்றாகத் தெரியும்.

இனி சங்கதிக்கு வருவோம். டாலிகஞ்ச் வீட்டுக்காரன் இடத்தை விற்றுவிட்டான். பொங்கலுக்குள் காலி செய் என்று சொல்லிவிட்டான். போர்ட் பிளேரில் ஒற்றைப் பொம்பளைக்கு வீடு தேடிப் பார்த்தவர்களுக்குத்தான் அந்த வேதனை தெரியும். விருந்தகத்துக்குப் பின்னால் இரண்டு அறை வைத்த குவார்ட்டர்ஸ் ஒன்று சும்மா கிடந்தது. விஜயகுமாரி ஈஸ்வரனிடம் கேட்டாள். தை பிறந்ததும் அவர் மகள் கல்யாணம். ரிசப்ஷன் இதே புல்தரையில். அந்த வருஷம் மழை நின்றபாடில்லை, ஓரமாக நிற்கும் மழைமரத்து நிழலில் பாதி லான் பாசியாகக் கிடந்தது. ஈஸ்வரன் அதைக் கையால் காட்டி, ரிசப்ஷன் அன்றைக்கு இது பச்சைக் கம்பளமாக இருந்தால் குவார்ட்டர்ஸ் சாவி உன் கையில் என்றார். அவர் அப்படிச் சொன்னபோது மீனா பக்கத்தில்தான் ஜன்னல் துடைத்துக்கொண்டிருந்தாள்.

விஜயகுமாரி மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டிருந்தாள். இரண்டு அறையில் ஒன்று தனக்கு, ஒன்று மீனாவுக்கு. ரூபாவும் மாப்பிள்ளையும் வேலை சரியில்லாமல் சென்னையிலிருந்து திரும்பப் போகிறார்கள் என்று மீனா ஒரு மாதமாகப் புலம்பிக்கொண்டிருந்தாள். அவர்கள் மீனாவின் இப்போதைய வீட்டில் இருந்துகொள்ளட்டும், மீனா இங்கே வந்துவிடட்டும் என்று நினைத்தாள். புருஷன் ஓடிப்போன நாளிலிருந்து மீனாவுக்கு உள்தாழ்ப்பாள் இல்லாத அறையில் தூக்கம் வராது. இரண்டாவது அறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. விஜயகுமாரி ஈஸ்வரனிடம் விஷயத்தைச் சொல்லி, மராமத்துக்கு வந்த தச்சரை வைத்துப் புதிதாக ஒன்று போடச் செய்தாள். மீனாவிடம் மட்டும் மூச்சு விடவில்லை. முன்பொரு தரம் அரசாங்கத் தோட்டத்தில் நிரந்தர வேலை கிடைக்கப் போகிறது என்று தெருவெல்லாம் சொல்லி, அது கிடைக்காமல் போய், ஏளனத்துக்கு ஆளானவள் அவள். சாவி கைக்கு வரட்டும், அப்புறம் சொல்லலாம் என்று வாயைக் கட்டிக்கொண்டாள். வாயைக் கட்டியது தப்பாகிப்போனது.

மார்கழியில் மழை விட்டது. ஒரு சனிக்கிழமை காலையில், பாசி பிடித்த பாதிக்கு மட்டும் வாளிக்கு ஒரு பிடி என்று கரைத்துத் தெளித்தாள். மீனா வராந்தாவில் நின்று வேடிக்கை பார்த்தாள். வராந்தாவுக்குக் கல்யாணத்துக்காகப் புது வெள்ளை மார்பிள் போட்டிருந்தார்கள். எவ்வளவு போடுவீர்கள், கூடிப்போனால் என்ன ஆகும் என்று மீனா கேட்டாள். விஜயகுமாரி எல்லாவற்றையும் சொன்னாள். முதல் தடவை கரியாகப் போன கதையையும் சொன்னாள். அது திரும்ப முளைத்த கதையைச் சொல்வதற்குள் யாரோ கூப்பிட்டார்கள். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, பெரார்கஞ்சில் ஒரு அறை காலியாக இருக்கிறது என்று கேள்விப்பட்டு, எதற்கும் பார்த்துவைப்போம் என்று பஸ் ஏறிப் போய்விட்டாள்.

திங்கட்கிழமை மேட்டில் ஏறி வந்தவள் கேட்டைத் திறந்ததும் அப்படியே நின்றாள். லான் முழுக்கக் கருப்பு. பாசி பிடித்த பாதி மட்டுமில்லை, நல்ல புல் இருந்த பாதியும்தான். நெருப்பு வைத்து அணைத்த மாதிரி இருந்தது. ஈஸ்வரன் நடுவில் நின்றுகொண்டிருந்தார், செருப்போடு. விஜயகுமாரிக்கு முதலில் கண்ணில் பட்டது அந்தச் செருப்புதான், ஆனால் அதைச் சொல்லும் நிலையில் அவள் இல்லை.

அவர் கத்தினார். கல்யாணப் பத்திரிகை அடித்தாகிவிட்டது, ஊரில் பெரிய மனிதர்கள் எல்லாரும் வருகிறார்கள், இந்தச் சுடுகாட்டில் எங்கே நாற்காலி போடுவது என்று தமிழிலும் இந்தியிலும் மாற்றி மாற்றி வாங்கினார். நான் பாதிக்குத்தான் போட்டேன், அளவாகத்தான் போட்டேன் என்று அவள் சொன்னது அவர் காதில் ஏறவில்லை. அவள் திரும்பி மீனாவைப் பார்த்தாள். சனிக்கிழமை கூடவே நின்று பார்த்தவள், ஒரு வார்த்தை சொல்லமாட்டாளா என்று பார்த்தாள். மீனா வராந்தா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"அக்காவுக்கு இப்பல்லாம் கண்ணு சரியா தெரியிறதில்ல சார்," என்றாள் மீனா. "அளவு தப்பியிருக்கும். வேணும்னு செஞ்சிருக்க மாட்டாங்க."

பரிந்து பேசுகிற குரலில்தான் சொன்னாள். அதுதான் விஜயகுமாரியை அறைந்தது. அவளுக்குக் கண் எப்படித் தெரியும் என்று மீனாவுக்குத் தெரியாதா? போன வாரம்கூட மீனாவின் ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தது யார்? ஆனாலும், முதலாளியின் கோபத்துக்குப் பயந்து ஏதோ உளறிவிட்டாள் என்று அன்றைக்கு மத்தியானம் வரை தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். குவார்ட்டர்ஸ் பேச்சு முடிந்தது என்று ஈஸ்வரன் சொல்லிவிட்டுப் போயிருந்தார். மத்தியானம் மீனா டிபன் பாக்ஸைக் கொண்டுவரவில்லை, வயிறு சரியில்லை என்றாள். காலில் காலுறை போட்டிருந்தாள். வேர்த்துக் கொட்டுகிற ஊரில் என்னத்துக்கு இது என்று விஜயகுமாரி கேட்டதற்கு, ஜுரம் வருகிற மாதிரி குளிர்கிறது என்றாள். அப்படியென்றால் கஷாயம் வைத்துக் குடி என்றாள் இந்தப் பைத்தியக்காரி.

அன்று முழுக்க ஹோஸ் பிடித்துத் தண்ணீர் விட்டாள். மண்ணிலிருக்கும் காரம் அடியில் இறங்கினால் வேர் பிழைக்கும். வேர் பிழைத்தால் போதும். புல் சாகவில்லை, தலைமுடி பொசுங்கியிருக்கிறது, அவ்வளவுதான் என்று குனிந்து பார்த்துத் தெரிந்துகொண்டாள். எப்படிக் கூடிப்போனது என்பது மட்டும் பிடிபடவில்லை. ஸ்டோர் ரூமுக்குப் போய்ப் பார்த்தபோது அன்னபேதி மூட்டை பாதியாக இளைத்திருந்தது. யாரோ போட்டிருக்கிறார்கள். வாட்ச்மேனா, பந்தல்காரன் ஆளா, ஈஸ்வரனுக்கு ஆகாத காண்டிராக்டர் எவனாவது அனுப்பியதா என்று ஊரில் இருக்கிற எல்லார் மேலும் சந்தேகப்பட்டாள். ஒரே ஒரு ஆளைத் தவிர.

செவ்வாய்க்கிழமை காலையில் மார்பிள் பேசியது.

வராந்தாப் படியில் தொடங்கி ஸ்டோர் ரூம் கதவு வரைக்கும், பால் மாதிரி வெள்ளையாக இருந்த கல்லில், வரிசையாகக் காலடி. துரு நிறத்தில், குதிகால் வெடிப்பு கூடத் தெரிகிற மாதிரி அழுத்தமாக. ஸ்டோர் ரூமிலிருந்து திரும்பி வந்த காலடி கொஞ்சம் மங்கல். வலது காலில் ஐந்து விரல். இடது காலில் நாலு.

விஜயகுமாரி அந்த நாலு விரலைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றாள் என்று அவளுக்கே தெரியாது. அவளுக்குக் கோபம் வரவில்லை. மூக்குக்கு மேல் கோபம் வருகிற அவளுக்கு அன்றைக்கு வரவில்லை. படியில் உட்கார்ந்தாள். அப்போதுதான் இன்னொன்று உறைத்தது. வந்தவள் வெறுங்காலோடு வந்திருக்கிறாள். ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு வந்திருந்தால் காலில் மருந்து பட்டிருக்காது, தடமும் விழுந்திருக்காது. ஆள் இல்லாத ஞாயிற்றுக்கிழமை, புல்லைக் கொல்ல என்றே வந்தவள், செருப்பைக் கழற்றிப் படியோரம் விட்டுவிட்டுத்தான் புல்லில் கால் வைத்திருக்கிறாள். அத்தனை வருஷப் பழக்கம். அதை நினைத்தபோதுதான் விஜயகுமாரிக்கு அழுகை வந்தது.

மீனா வந்தாள். தடத்தைப் பார்த்தாள். பார்த்ததும் வாளியையும் துணியையும் எடுத்துவந்து மண்டியிட்டுத் தேய்க்க ஆரம்பித்தாள். பினாயில் ஊற்றினாள், சோப்புத் தூள் கொட்டினாள். படியில் உட்கார்ந்திருந்த விஜயகுமாரியை நிமிர்ந்து பார்க்கவே இல்லை.

"தேய்க்காத மீனா, அது போகாது," என்றாள் விஜயகுமாரி. "எனக்குத் தெரியும்."

கை நின்றது. மீனா குனிந்தபடியே பேசினாள். ரூபா முழுகாமல் இருக்கிறாளாம். அடுத்த கப்பலில் வருகிறார்களாம். ஒண்டுக் குடித்தனத்தில் அவர்களை எங்கே வைத்துக்கொள்வது, உங்களுக்கு என்ன அக்கா, ஒற்றைக்கட்டை, எங்கேயும் இருந்துகொள்ளலாம், எனக்கு அப்படியா என்று கேட்டாள். லான் கெட்டுப்போனால் முதலாளி மனசு மாறுவார், அப்போது மாப்பிள்ளைக்காகக் கேட்கலாம் என்று நினைத்தாளாம். உங்களை வேலையை விட்டு அனுப்பமாட்டார் என்று தெரியும் அக்கா, அது தெரிந்துதான் செய்தேன் என்றாள், அதுவும் ஒரு நல்ல குணம் என்பது போல.

ஒற்றைக்கட்டை. அந்த வார்த்தை நாலு விரல் தடத்தைவிட ஆழமாகப் பதிந்தது. பஸ் ஸ்டாண்டில் அழுதுகொண்டு நின்றவளைக் கூட்டிவந்தபோது இவள் ஒற்றைக்கட்டையாகத் தெரியவில்லை. ரூபாவுக்குக் காது குத்த மடியில் உட்காரவைத்தபோது தெரியவில்லை. இப்போது மட்டும் தெரிகிறது.

"என்கிட்ட கேட்டிருக்கலாம்ல," என்றாள். தாழ்ப்பாள் விஷயத்தைச் சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. இனி எதற்கு?

ஈஸ்வரன் வந்தபோது தடம் அப்படியேதான் இருந்தது. அவருக்கு முதலில் மார்பிள் போன வருத்தம். அப்புறம் குனிந்து உற்றுப் பார்த்தார். விஜயகுமாரி எழுந்து போய், தன் காலை அந்தத் தடத்துக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டினாள். அகன்ற பாதம், ஐந்து விரல். ஈஸ்வரன் திரும்பி மீனாவின் காலுறையைப் பார்த்தார். கட்டடம் கட்டிப் பிழைத்த மனிதர், அளவு பார்க்கத் தெரியாதவர் இல்லை. எல்லாம் புரிந்துவிட்டது அவருக்கு. விஜயகுமாரி காத்திருந்தாள். தப்பு என் மேல் இல்லை என்று ஆகிவிட்டது, இனி அவர் வாயால் ஒரு வார்த்தை வரும் என்று காத்திருந்தாள்.

"அரே, விடும்மா. பொண்ணு ஷாதி நேரத்துல ஜக்டா சண்டை வேணாம்," என்றார் ஈஸ்வரன். "குவார்ட்டர்ஸ நேத்தே மீனா மருமகனுக்குன்னு வாக்கு குடுத்துட்டேன். எலக்ட்ரீஷியன், ஜெனரேட்டர் பாத்துக்குவான். எனக்கும் ஒரு ஆம்பள ஆள் இங்க வேணும்ல."

தடத்தின் மேல் கார்பெட் போட்டு மூடிவிடலாம் என்றார். ஆக, லான் பச்சையாக இருந்தாலும் கருப்பாக இருந்தாலும் அவருக்கு வேண்டியது ஜெனரேட்டருக்கு ஆள். அதை முதலிலேயே சொல்லித் தொலைத்திருந்தால் புல்லாவது தப்பித்திருக்கும். அவனுக்குக் கொடுத்த வாக்கு பெரிதாம். தனக்குக் கொடுத்தது என்னவாம் என்று விஜயகுமாரி கேட்கவில்லை. ஒரு நாளில் ஒரு ஆளால் அவ்வளவுதான் தாங்க முடியும். புல்தரைக்கு இறங்கிப் போய் ஹோஸைத் திறந்தாள்.

வேலையை விட்டுப் போயிருக்கலாம், ரோஷம் இருந்தால் போயிருப்பாள் என்று பிறகு சிலர் பேசினார்கள். ரோஷத்தைப் பற்றிப் பேசியவர்கள் யாரும் சோற்றைப் பற்றிப் பேசவில்லை. அதுவும் போக, அந்தப் புல் என்ன பாவம் செய்தது? செத்த பாசியை வாரி வாரிக் கூடையில் போட்டாள். கூடை கூடையாக வந்தது, பொசுங்கிய நுனியை மேலோடு வெட்டிவிட்டாள். தண்ணீர், மறுபடி தண்ணீர். மார்கழி முடிவதற்குள் கருப்புக்கு அடியிலிருந்து ஊசி ஊசியாகப் பச்சை எட்டிப் பார்த்தது. பொங்கல் கழிந்தபோது ஒரு பொட்டுப் பாசி இல்லாமல், பார்க்கிற கண் கூசுகிற கரும்பச்சையில் லான் நிறைந்து நின்றது. இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு பச்சை அதற்கு வந்ததே இல்லை. ரிசப்ஷனுக்கு வந்தவர்கள் ஈஸ்வரனின் கையைப் பிடித்துக் குலுக்கி, இது என்ன பிளாஸ்டிக் புல்லா என்று கேட்டார்கள். ஈஸ்வரன் உச்சி குளிர்ந்து சிரித்தார். வராந்தாவில் சிவப்புக் கார்பெட் விரித்திருந்தது. விஜயகுமாரி அன்றைக்குச் சமையல்கட்டுப் பக்கம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள், ஆள் பற்றவில்லை என்று கூப்பிட்டிருந்தார்கள்.

அவள் இப்போது பெரார்கஞ்சில் அந்த ஒற்றை அறையில் இருக்கிறாள். காலையில் முதல் பஸ், சாயங்காலம் கடைசிக்கு முந்தின பஸ். குவார்ட்டர்ஸில் மீனாவும் ரூபாவும் மாப்பிள்ளையும் குடிவந்துவிட்டார்கள். கல்யாணம் முடிந்ததும் கார்பெட்டைச் சுருட்டிவிட்டார்கள். தடம் அப்படியே இருக்கிறது. ஆசிட் போட்டுப் பார்த்தார்கள், மார்பிள்தான் அரித்தது. தினமும் அந்த வராந்தாவைத் துடைக்க வேண்டியவள் மீனா. தன் காலடியைத் தானே துடைக்கிறாள். தடத்தில் மிதிக்காமல் சுவரோரமாக ஒதுங்கித்தான் நடக்கிறாள். மத்தியானம் விஜயகுமாரி மழைமரத்தடியில் தனியாகச் சாப்பிடுகிறாள். மீன் மண்டை அவளுக்குப் பிடிக்காது, தெருநாய்க்குப் போடுகிறாள்.

மாசி பிறந்தபின் ஒரு மத்தியானம் மீனா டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அழுதழுது முகம் வீங்கியிருந்தது. முந்தின நாள் மாப்பிள்ளை இரண்டாவது அறைக் கதவைப் பார்த்துவிட்டு, பழைய கதவில் புதுத் தாழ்ப்பாள், அதுவும் உள்பக்கம், யார் போட்டது என்று ஈஸ்வரனிடம் கேட்டிருக்கிறான். விஜயகுமாரிதான் போடச் சொன்னாள், மீனாவுக்குத் தாழ்ப்பாள் இல்லாமல் தூக்கம் வராதாம் என்று அவர் போகிற போக்கில் சொல்லிவிட்டார். மாப்பிள்ளை அதை அப்படியே வந்து மீனாவிடம் சொன்னான். மீனா ராத்திரி அந்த அறையில்தான் படுத்திருந்தாள். தாழ்ப்பாள் போட்டுக்கொண்டுதான் படுத்தாள். தூக்கம் வரவில்லை.

லான் ஓரத்தில் வந்து நின்றாள். அக்கா என்றாள். விஜயகுமாரி நிமிர்ந்து பார்த்தாள். மீனா வழக்கம்போல ஒரு காலால் மறுகால் செருப்பைத் தள்ளிக் கழற்றிவிட்டு, வெறுங்காலைப் புல்லில் வைக்கப்போனாள். அந்த நாலு விரல் பதியும் இடது கால்தான் முதலில் வந்தது.

"செருப்பப் போட்டுக்கிட்டே வா," என்றாள் விஜயகுமாரி. "எல்லாரும் அப்படித்தான் வர்றாங்க. நீ மட்டும் எதுக்குக் கழட்டணும்?"

யாரும் அப்படி வருவதில்லை. அது இருவருக்கும் தெரியும். மீனா தூக்கிய காலைப் புல்லில் வைக்கவும் முடியாமல், செருப்புக்குள் நுழைக்கவும் முடியாமல் அங்கேயே நின்றாள். விஜயகுமாரி திரும்பிக்கொண்டு தன் சோற்றைப் பிசைய ஆரம்பித்தாள்.